கனரக இயந்திரங்களை டிரெய்லரில் பிணைத்தல்

கனரக இயந்திரங்களை டிரெய்லரில் பிணைத்தல் என்பது, அகழ்பொறி, புல்டோசர், சாலை உருளை, உழவு இயந்திரம் முதலிய எடை மிகுந்த பொறிகளைச் சாலை வழியே கொண்டு செல்லும்போது, அவை வண்டியின் தளத்தில் நகராமலும் கவிழாமலும் இருக்குமாறு சங்கிலி, நாடா, தடைக்கட்டை ஆகியவற்றால் கட்டி நிறுத்தும் முறையாகும். சங்கிலித் தடத்தில் ஊரும் பொறிகள் மிக மெதுவாகவே நகரக்கூடியவை. எஃகுத் தடங்கள் தார்ச் சாலையையும் சிதைத்துவிடும். எனவே ஒரு வேலைக்களத்திலிருந்து மற்றொன்றுக்கு அவற்றை டிரெய்லரில் ஏற்றியே கொண்டு செல்கின்றனர்.

20 டன் எடையுள்ள ஒரு பொறி தன் எடையாலேயே அசையாமல் நிற்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் எடை கூடும்போது உராய்வு கூடுவது போலவே, பொறியைத் தடுத்து நிறுத்தத் தேவையான விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே எடையால் எந்த ஆதாயமும் இல்லை. இதன் காரணமாகவே பல நாடுகள் இப்பணிக்கெனத் தனி விதிகளை வகுத்துள்ளன.

பெயர்கள்

அகழ்பொறி தமிழ்நாட்டில் பேச்சு வழக்கிலும் நாளிதழ்களிலும் பொக்லைன் எனப்படுகிறது. இது பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயராகும். நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராக ஆனதற்கு ஜேசிபி என்னும் சொல்லும் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் லாரி எனப்படும் வண்டி இலங்கையில் பாரவூர்தி என அழைக்கப்படுகிறது. கனரகப் பொறிகளை ஏற்றுவதற்கென்றே தரைக்கு அருகில் தாழ்வாக அமைந்த தளத்தைக் கொண்ட டிரெய்லர் லோபெட் எனப்படும். தளம் தாழ்ந்திருப்பதால் பொறியின் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. வண்டி வளைவில் கவிழும் வாய்ப்பு குறைகிறது. பாலங்களின் கீழ் செல்வதும் எளிதாகிறது.

இயற்பியல் அடிப்படை

ஓடும் வண்டியில் உள்ள பொறியும் வண்டியின் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது வேகம் குறைவது வண்டிக்குத்தான். பொறி தன் நிலைமத்தால் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. அதை வண்டியோடு சேர்த்து நிறுத்தும் விசை இரண்டு வழிகளில் மட்டுமே கிடைக்கும். தளத்துக்கும் பொறிக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்று. சங்கிலியோ தடைக்கட்டையோ தரும் எதிர்ப்பு மற்றொன்று. வளைவில் திரும்பும்போது பொறி வெளிப்புறமாகச் சரிய முயல்வதும், வண்டி திடீரெனப் புறப்படும்போது பின்னோக்கி நழுவ முயல்வதும் இதே நிலைமத்தால்தான்.

இவ்விசைகளின் அளவை ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 12195-1 வரையறுக்கிறது. சாலைப் பயணத்தில் முன்னோக்கிய திசையில் பொருளின் எடையில் 0.8 மடங்கும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 மடங்கும் விசை தோன்றலாம் எனக் கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆஸ்திரேலியாவின் சுமை பிணைப்பு வழிகாட்டியிலும், பிணைப்பின் முறிவு வலிமை குறித்த அமெரிக்க விதியிலும் இதே எண்களைக் காணலாம். ஆஸ்திரேலிய வழிகாட்டி மேல்நோக்கிய திசைக்கும் 0.2 மடங்கு என ஓர் அளவைச் சேர்த்துள்ளது. முன்னோக்கிய எண் மற்றவற்றைவிடப் பெரியதாக இருப்பதன் காரணம் எளியது. பிரேக் பிடித்து நிற்கும் அளவுக்கு விரைவாக எந்தச் சுமையுந்தாலும் புறப்பட முடியாது.

உராய்வு மட்டும் ஏன் போதாது என்பதை இவ்வெண்களைக் கொண்டே அறியலாம். உலர்ந்த மரத்தளத்தின் மீது எஃகு இருந்தால் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வரை இருக்கும். எஃகின் மீது எஃகு இருந்தால் 0.2 அல்லது அதற்கும் குறைவு. இடையில் எண்ணெய், ஈரச் சேறு, பனி ஆகியவை இருந்தால் அது மேலும் வெகுவாகக் குறைந்துவிடும். வழுக்காத இரப்பர் விரிப்பைப் போட்டால் 0.6 வரை உயர்த்தலாம். எனினும் இவற்றுள் எதுவும் 0.8-ஐ எட்டுவதில்லை. அதாவது, மிகச் சிறந்த தளத்திலும் கட்டப்படாத பொறி, ஓட்டுநர் முழு வலிமையுடன் பிரேக் பிடித்தால் நகர்ந்தே தீரும். அது 2 டன் பொறியா 40 டன் பொறியா என்பது இக்கணக்கில் வருவதேயில்லை.

இதனுடன் அதிர்வும் சேர்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பொறி ஒரு கணம் தளத்தை இலேசாகவே அழுத்துகிறது. அக்கணத்தில் உராய்வும் அதே அளவுக்குக் குறைகிறது. இத்தகைய நூற்றுக்கணக்கான சிறு கணங்களில், ஒவ்வொரு முறையும் சிறிதளவு நகர்ந்து, பொறி தளத்தின் ஓரத்தை அடைந்துவிடக்கூடும்.

பிணைப்புக் கருவிகள்

கனரகப் பொறிகளுக்குச் சங்கிலியே முதன்மையான பிணைப்பாகும். துணிநாடாக்கள் இலகுவான பொறிகளுக்குப் பயன்படுகின்றன. எனினும் அவை இழுபடும் தன்மை உடையவை. கூர்மையான எஃகு விளிம்பில் உரசினால் அறுந்தும் போகும். ஐரோப்பியத் தரநிலையின்படி பாலியெஸ்டர் நாடாவின் விவரச்சீட்டு நீல நிறத்தில் இருக்கும்.

சங்கிலிகள் அவற்றின் எஃகின் வலிமையைப் பொறுத்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. வட அமெரிக்காவில் 70 ஆம் தரச் சங்கிலி போக்குவரத்துச் சங்கிலி எனப்படுகிறது. பொன்னிறப் பூச்சால் அதனை எளிதில் இனங்காணலாம். சங்கிலியின் கண்ணிகளில் 7, 70 அல்லது 700 என்ற எண் குறிப்பிட்ட இடைவெளிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். இது பொருள்களைக் கட்டுவதற்கு உரியதே அன்றி, பாரந்தூக்கியில் தொங்கவிட்டுத் தூக்குவதற்கு உரியதன்று. தூக்குவதற்கு 80 ஆம் தரமும் 100 ஆம் தரமும் பயன்படுத்தப்படுகின்றன.

ஒவ்வொரு சங்கிலிக்கும் பயன்பாட்டுச் சுமை வரம்பு ஒன்று உண்டு. 3/8 அங்குலத் தடிப்புள்ள 70 ஆம் தரச் சங்கிலிக்கு அது 6,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3 டன். 1/2 அங்குலச் சங்கிலிக்கு 11,300 பவுண்டு, ஏறத்தாழ 5.1 டன். எண் பொறிக்கப்படாத சங்கிலியை மிகத் தாழ்ந்த 30 ஆம் தரமாகவே கருத வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்போது அதே 3/8 அங்குலத் தடிப்புக்கு 2,650 பவுண்டு, அதாவது 1.2 டன் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு சங்கிலிகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதால், தடிப்பை மட்டும் பார்த்துச் சங்கிலியைத் தேர்வது தவறாகும்.

இங்கு ஒரு குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள 8 ஆம் தரச் சங்கிலிக்கு ஐரோப்பியத் தரநிலை 63 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 6.4 டன் விசையை அளிக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ அதே தடிப்பும் அதே எஃகும் கொண்ட 80 ஆம் தரச் சங்கிலிக்கு 7,100 பவுண்டு, சுமார் 3.2 டன் மட்டுமே. இது எஃகில் உள்ள வேறுபாடு அன்று. ஐரோப்பிய எண் முறிவு வலிமையில் பாதி. அமெரிக்க எண் அதில் நான்கில் ஒரு பங்கு. எனவே ஒரு நாட்டின் எண்ணை எடுத்து மற்றொரு நாட்டின் கணக்கில் இடுவது ஆபத்தானது.

சங்கிலியை இறுக்குவதற்கு இருவகை இறுக்கிகள் உள்ளன. நெம்புகோல் இறுக்கி விரைவாக வேலை செய்யும்; ஆனால் இறுக்கும்போதோ விடுவிக்கும்போதோ அதன் கைப்பிடி பெரும் விசையுடன் திரும்பி அடிக்கக்கூடும். கைப்பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி இறுக்கும் பழக்கம் இத்துறையில் பரவலாக உள்ளது. இது இறுக்கியின் வரம்பை மீறச் செய்வதோடு, குழாய் தெறித்து முகத்தையும் தாடையையும் தாக்கவும் வழிசெய்கிறது. திருகு மரையால் இயங்கும் ராட்செட் இறுக்கி மெதுவானது எனினும் பாதுகாப்பானது. சங்கிலி, இறுக்கி, கொக்கி, தளத்தின் கட்டுவளையம் ஆகியவற்றுள் எது வலிமை குறைந்ததோ, அதன் வரம்பே முழுப் பிணைப்பின் வரம்பாகும்.

ஏற்றுதல்

கட்டுவதற்கு முன் தளத்தையும் தடங்களையும் துப்புரவு செய்தல் வேண்டும். தடங்களில் சிக்கிய கல் சாலையில் பின்வரும் வண்டியின் கண்ணாடி மீது விழலாம் என்பது ஒரு காரணம். தடத்தில் ஒட்டிய சேறு வழியில் நசுங்கி உதிர்ந்ததும் பொறி சற்றே தாழ்ந்து, இறுக்கிய சங்கிலி தானாகவே தளர்ந்துவிடும் என்பது மற்றொன்று. புறப்படும்போது விறைப்பாக இருந்த சங்கிலி இருபது கிலோமீட்டருக்குள் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சாய்தளத்தின் வழியே பொறியை ஏற்றுவது இப்பணியில் மிகவும் ஆபத்தான கட்டங்களுள் ஒன்று. எஃகுத் தடம் எஃகுச் சாய்தளத்தில் எளிதில் வழுக்கும். சாய்தளத்தின் உச்சியை அடைந்ததும், பொறியின் ஈர்ப்பு மையம் விளிம்பைக் கடக்கும் கணத்தில் அது திடீரெனத் தளத்தின் மீது சாயும். ஆகவே இயக்குபவர் இருக்கைப் பட்டையை அணிந்திருக்க வேண்டும். வழிகாட்டும் ஒருவரைத் தவிர வேறு எவரும் அருகில் நிற்கக் கூடாது. அவரும் பொறியின் பக்கவாட்டில், கவிழ்ந்தாலும் எட்டாத தொலைவில் நிற்க வேண்டும்.

பொறியைத் தளத்தில் எங்கு நிறுத்துவது என்பதும் முக்கியமானது. சிறிய டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கும் வண்டியின் கொக்கியின் மீது அமைய வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். பொறி பின்னால் தள்ளி நின்றால் கொக்கியின் மீதான அழுத்தம் குறைந்து, வேகமாகச் செல்லும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். இவ்வாறு நெளியும் வண்டியை மீண்டும் நேராக்குவது கடினம்.

கட்டும் முறை

பொறியை நிறுத்தியதும் அகழ்வாளியும் கையும் முற்றிலும் தாழ்த்தப்பட்டுத் தளத்தில் படிய வைக்கப்படுகின்றன. நீரியல் அழுத்தத்தை நம்பிக் கையை உயர்த்தியே வைத்திருக்கக் கூடாது. எண்ணெய்க் குழாய் கசிந்தால் கை இறங்கும் அல்லது பக்கவாட்டில் திரும்பும். மேற்பகுதி சுழலும் பொறியாயின் அதன் பூட்டு ஊசியும், நடுவில் மடங்கும் பொறியாயின் அதன் பூட்டுச் சட்டமும் இடப்பட வேண்டும். நிறுத்து பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும் எனினும் அதைப் பிணைப்பாகக் கருதக் கூடாது. சக்கரம் சுழலாமல் இருக்கலாம். ஆனால் சுழலாத சக்கரமும் வழுக்கும்.

டர்போ பொருத்திய இயந்திரங்களின் புகைபோக்கியை மூடிவிடுவது பலருக்குத் தெரியாத ஒரு சிறு பணி. பயணத்தின்போது காற்று புகைபோக்கிக்குள் புகுந்து டர்போவின் விசிறியைச் சுழற்றும். இயந்திரம் அணைந்திருப்பதால் அதற்கு மசகெண்ணெய் கிடைக்காது, தாங்கிகள் தேய்ந்துவிடும்.

சங்கிலிகளை உற்பத்தியாளர் அமைத்துள்ள கட்டுவளையங்களிலேயே மாட்ட வேண்டும். நீரியல் உருளை, கைப்பிடி, ஏணிப்படி ஆகியவை இதற்கு உரியவை அல்ல. பொறியின் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு சங்கிலிகள் செல்லும். முன்னிரண்டும் முன்னோக்கியும் பின்னிரண்டும் பின்னோக்கியும் இழுக்குமாறு அவை அமைகின்றன. அவற்றைக் குறுக்காக மாட்டினால் பக்கவாட்டு நகர்வையும் தடுக்கும். அகழ்வாளிக்கு ஐந்தாவதாகத் தனிச் சங்கிலி ஒன்று வேண்டும். சங்கிலியில் முடிச்சு இடக் கூடாது. தளத்தின் முன்புறம் உயர்ந்த படி இருந்தால், பொறியை அதன் மீது நேராகவோ இடையில் மரக்கட்டை வைத்தோ முட்டுமாறு நிறுத்துவது மிகவும் பயனுடையது. முன்னோக்கிய விசையின் பெரும்பகுதியை அப்படியே தாங்கிக்கொள்ளும்.

எத்தனை சங்கிலிகள் தேவை

நான்கு சங்கிலிகள் போட்டாயிற்று, நான்கின் வலிமையும் கிடைக்கும் என்று கருதுவது பரவலான பிழை. சங்கிலி இழுக்க மட்டுமே வல்லது, தள்ள வல்லதன்று. பிரேக் பிடித்துப் பொறி முன்னோக்கி நகர முயலும்போது அதைத் தடுப்பவை பின்புறம் கட்டிய இரண்டு சங்கிலிகள் மட்டுமே. முன்புறச் சங்கிலிகள் அக்கணத்தில் தளர்ந்தே இருக்கும்.

தோராயமான ஒரு கணக்கால் இதை விளக்கலாம். பொறியின் எடை 20 டன் எனில், 0.8 மடங்கு என்பது 16 டன் விசை. பாதுகாப்புக்காக உராய்வைக் குறைத்து 0.2 எனக் கொண்டால் அதிலிருந்து 4 டன் கிடைக்கும். எஞ்சிய 12 டன்னை இரு சங்கிலிகள் பகிர வேண்டும். ஒவ்வொன்றும் 6 டன். ஆனால் சங்கிலி தளத்துக்கு இணையாகச் செல்வதில்லை. அது 45 பாகைச் சாய்வில் இருந்தால், முன்பின் திசையில் 6 டன் கிடைக்கச் சங்கிலியில் ஏறத்தாழ 8.5 டன் இழுவிசை தேவை. சாய்வு 60 பாகையாக இருந்தால் அது 12 டன் ஆகிவிடும். மேலே கூறிய 10 மில்லிமீட்டர் ஐரோப்பியச் சங்கிலி 6.4 டன்னுக்கே உரியது. ஆகவே 45 பாகையிலும் அது போதாது. 100 கிலோநியூட்டன் தாங்கும் 13 மில்லிமீட்டர் சங்கிலி வேண்டும். சாய்ந்த சங்கிலி பொறியைத் தளத்தோடு அழுத்துவதால் உராய்வு சற்றுக் கூடும். இக்கணக்கில் அது சேர்க்கப்படவில்லை. முறையான கணக்கில் பக்கவாட்டுக் கோணமும் சேர்க்கப்படும்.

அமெரிக்க விதி இதே செய்தியை வேறு வழியில் கூறுகிறது. பிணைப்புகளின் மொத்த வரம்பு பொருளின் எடையில் குறைந்தது பாதியாக இருக்க வேண்டும். ஆனால் தளத்திலிருந்து பொறியின் கட்டுவளையத்துக்குச் செல்லும் சங்கிலிக்கு அதன் வரம்பில் பாதியை மட்டுமே கணக்கில் சேர்க்கலாம். எனவே 20 டன் பொறிக்கு நான்கு 3/8 அங்குலச் சங்கிலிகள் 12 டன் அல்ல, 6 டன்னே தருகின்றன. தேவையோ 10 டன். அதே தடிப்பில் ஏழு சங்கிலிகள் வேண்டும். 1/2 அங்குலச் சங்கிலியாயின் நான்கு போதும்.

சட்டங்களும் விதிகளும்

அமெரிக்காவில் சுமை பிணைப்பு விதிகள் 2002 செப்டம்பரில் திருத்தி வெளியிடப்பட்டு, 2004 சனவரி 1 முதல் கட்டாயமாயின. அவை 1990களில் கனடாவும் அமெரிக்காவும் இணைந்து மேற்கொண்ட ஆய்வுகளின் அடிப்படையில் அமைந்தவை. கனடாவில் இவற்றுக்கு இணையானது தேசியப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 10 ஆம் தரநிலை. சக்கரத்திலோ தடத்திலோ இயங்கும், 10,000 பவுண்டு (4,536 கிலோகிராம்) அல்லது அதற்கு மேல் எடையுள்ள பொறிகளுக்கு அமெரிக்க விதிகளில் தனிப் பிரிவு உண்டு. குறைந்தது நான்கு பிணைப்புகள், துணைக்கருவிகளைத் தாழ்த்திக் கட்டுதல், மடங்கும் பொறிகளைப் பூட்டுதல் ஆகியவை அதில் கூறப்பட்டுள்ளன. நான்கு என்பது கீழ்வரம்பே என்பதை முந்தைய பகுதியின் கணக்கு காட்டும்.

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், வண்டியின் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு மேலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் தண்டம் விதிக்க வழிசெய்துள்ளது.

உயரம் எல்லா நாடுகளிலும் தனிக் கவனத்துக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே செல்லும் வண்டிகளுக்கு 4 மீட்டர் வரம்பு. பிரித்தானியாவில் பயண உயரம் 3 மீட்டரைத் தாண்டினால், ஓட்டுநர் காணுமாறு அவ்வுயரம் அறையினுள் எழுதி வைக்கப்பட வேண்டும். உயரத்தைப் பொறியின் விவரக் குறிப்பிலிருந்து எடுக்காமல், கட்டி முடித்த பின் அளந்தே எழுத வேண்டும். ஏனெனில் கை எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைப் பொறுத்து அது மாறும்.

சில நிகழ்வுகள்

2013 மே 23 அன்று அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், துளையிடும் கருவிக்குரிய உறையை ஏற்றிச் சென்ற வண்டி ஒன்று ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தின் மேற்சட்டங்களில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது; அதனுடன் நீரில் விழுந்த இரு வண்டிகளிலிருந்து மூவர் உயிருடன் மீட்கப்பட்டனர். சங்கிலி அறுந்ததால் நேர்ந்த விபத்து அன்று இது, உயரத்தால் நேர்ந்தது.

பிணைப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று ஆப்கானித்தானின் பாக்ராமில் நேர்ந்த வானூர்தி விபத்தே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. போயிங் 747-400 வகைச் சரக்கு வானூர்தி ஒன்று நாடாக்களால் கட்டப்பட்ட ஐந்து கவச வண்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மேலெழும்பிய சிறிது நேரத்தில் அவற்றுள் ஒன்றாவது பின்னோக்கி நகர்ந்து, நீரியல் அமைப்புகளையும் வால்பகுதியின் கட்டுப்பாட்டையும் சிதைத்தது. பணிக்குழுவினர் ஏழு பேரும் உயிரிழந்தனர். இத்தகைய சுமையைக் கட்டும் முறையில் உற்பத்தியாளர் தந்திருந்த முக்கியத் தகவல்கள் இயக்கியவர்களின் கையேட்டில் விடுபட்டிருந்ததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. சாலையாயினும் வானாயினும் பிணைப்பின் கணக்கு ஒன்றே.

பயணத்தின்போதும் இறக்கும்போதும்

அமெரிக்க விதிகளின்படி ஓட்டுநர் புறப்பட்ட முதல் 50 மைல்களுக்குள் (80 கிலோமீட்டர்) வண்டியை நிறுத்திப் பிணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் ஓட்டுநரின் பணிநிலை மாறும்போதோ, 3 மணி நேரத்துக்கு ஒருமுறையோ, 150 மைல்களுக்கு ஒருமுறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது மீண்டும் பார்க்க வேண்டும். முதல் சோதனை இவ்வளவு விரைவில் வைக்கப்பட்டிருப்பதன் காரணம், பொறி தளத்தில் படிவதும் சங்கிலி தளர்வதும் பயணத்தின் தொடக்கத்திலேயே பெரிதும் நிகழ்வதுதான்.

இறக்கும்போது சங்கிலிகளை அவிழ்ப்பதற்கு முன், வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்றும் பொறி வழியில் நகர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். நகர்ந்த பொறியின் முழு அழுத்தமும் ஒரே சங்கிலியில் தேங்கியிருக்கலாம். அதன் இறுக்கியைத் திறந்தால் கைப்பிடி தெறிப்பதோடு பொறியும் சேர்ந்து நகரும். அத்தகைய நிலையில் முதலில் சக்கரங்களுக்கோ தடங்களுக்கோ கட்டை கொடுத்து, வேறொரு சங்கிலியால் பொறியை நிலைநிறுத்திய பின்னரே இறுகிய சங்கிலியை விடுவிக்க வேண்டும்.